லட்சுமிபதி சொன்ன பதில்

இறந்துபோன தன் கணவர் மருமகளின் வாய் வழியாகப் பேசுகிறார் என்று வனஜா நம்பியதற்கு அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த அடுப்படியில் அன்றைக்கு நீங்களோ நானோ நின்றிருந்தாலும் அதைத்தான் நம்பியிருப்போம்.

கோயமுத்தூர் பீளமேட்டில் அவர்கள் வீடு. அடுப்படியில், காபி ஃபில்டருக்கு நேர் மேலே லட்சுமிபதியின் படம் மாட்டியிருக்கும். இதையெல்லாம் ஹாலில்தானே மாட்டுவார்கள் என்று யாராவது கேட்டால், "அவரு உசுரோட இருந்தப்பவும் காப்பிக்கு இங்கதானுங்களே வந்து நிப்பாரு" என்பாள் வனஜா. படத்துக்குக் கீழே ஒரு சின்னப் பலகை. அதன்மேல் அவருடைய பழைய கைக்கடிகாரம், சாவி கொடுத்தால் ஓடுகிற வகை. மோட்டார் பம்பு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்த காலம் முழுக்க அவர் கையில் கிடந்தது.

தினமும் காலையில் டிகாக்‌ஷன் இறங்குகிற வரைக்கும் வனஜா அவரோடு பேசுவாள். நேற்று என்ன நடந்தது, இன்றைக்கு எங்கே வலிக்கிறது, யார்மேல் என்ன கோபம், எல்லாம் வரும். பேச்சு தெலுங்கில். எத்தனையோ தலைமுறையாகக் கோயமுத்தூரில் இருந்தாலும் அவர்களுக்கு வாசலுக்கு வெளியே தமிழ், உள்ளே தெலுங்கு. மகன் தீரஜ் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த தாராபுரத்துப் பெண் இளமதிதான் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள். அவளிடம் எல்லோரும் தமிழில் பேசுவார்கள். அவள் எதிரிலேயே தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொள்வார்கள். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை, வழக்கம் அப்படி.

இந்தக் காலத்தில் யார் புதிதாக ஒரு மொழியைக் கற்றுக்கொள்கிறார்கள்? காதுமணி வந்த பிறகு அந்தத் தொல்லையே இல்லாமல் போய்விட்டது. கடுகளவு கருவி. காதில் மாட்டிக்கொண்டால் சீனாக்காரர் சண்டை போட்டாலும் தமிழில் கேட்கும். இளமதியும் ஆபீசுக்கு அதை மாட்டிக்கொண்டுதான் போவாள். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் கழற்றிச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிடுவாள். மாமியார் பேச்சை ஒட்டுக் கேட்காத நாகரிகமான பெண் என்று வனஜாவுக்கு அதில் பெருமை. உறவுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

அன்று காலை இளமதி கீழே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வனஜா நாலைந்து நாளாகப் புலம்பிக்கொண்டிருந்த அதே புலம்பலைப் படத்திடம் மறுபடி ஆரம்பித்தாள். ஓசூரில் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். தீரஜுக்கு லீவு கிடையாது. டிரைவர் இல்லாத பஸ்ஸில் தனியாக ஏறிப் போக அவளுக்குப் பயம். "ஏமண்டி, நான் எப்படிப் போவேன்?" என்று தெலுங்கில் கேட்டுவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். 'ஏமண்டி' என்றால் பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுகிற 'ஏங்க'.

அப்போதுதான் கத்தி தரையில் விழுந்தது. இளமதியின் கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. வாய் எதையோ சப்புவதுபோல் அசைய, கை சேலை மடிப்பைப் பிசைந்தது. வனஜா பதறவில்லை. மருமகளுக்கு வலிப்பு உண்டென்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லித்தான் கட்டினார்கள். கை கால் உதறாது, கொஞ்ச நேரம் ஆள் இங்கே இருக்கமாட்டாள், பிறகு வந்துவிடுவாள். சமீப காலமாகத்தான் மாத்திரைக்கு அடங்காமல் அடிக்கடி வருகிறது. போன மாதம் எரிகிற அடுப்புப் பக்கமே சாய்ந்துவிட்டாள். வனஜா கத்தியை எட்டி ஒதுக்கிவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

இளமதி தலையைத் தூக்கி, யாரையோ சமாதானப்படுத்துகிற குரலில், தெளிவாகச் சொன்னாள்.

"சரே. நேனு சூஸ்குண்டா."

சரி, நான் பார்த்துக்கொள்கிறேன். தெலுங்கு! தெலுங்கில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாத பெண். வனஜாவுக்கு முதுகெல்லாம் சிலிர்த்துப்போனது. மெதுவாக நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். லட்சுமிபதி எப்போதும் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் இளமதிக்கு நினைவு திரும்பியது. எதுவும் ஞாபகமில்லை. அன்று சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும், "அத்தே, ஓசூர்க் கல்யாணத்துக்கு நம்ம ரெண்டு பேரும் போலாமுங்களா? எனக்கு லீவு கெடக்குது" என்றாள். வனஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மாதிரி நடப்பது புதிதல்ல. அவரிடம் சொன்னது எதுவும் வீண்போனதில்லை. மாடிப்படி ஏற முழங்கால் வலிக்கிறது என்றாள், சில நாளில் கட்டில் கீழ் அறைக்கு வந்தது. மார்பில் ஏதோ கட்டி மாதிரி தட்டுப்படுகிறது, பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்று அவரிடம் அழுதாள். அந்த வாரமே இளமதி, ஆபீசில் குடும்பத்துக்கெல்லாம் பரிசோதனை இலவசம் என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனாள். கட்டி சின்னதாக இருக்கும்போதே எடுத்தாயிற்று. நின்றுபோன கைக்கடிகாரத்தைக் காட்டி, "நீங்களும் நின்னுட்டீங்க, இதுவும் நின்னுருச்சு" என்று புலம்பினாள். ஒருநாள் காலையில் பார்த்தால் கடிகாரம் பலகை மேல் தானாக ஓடிக்கொண்டிருக்கிறது! அதைத் தங்கச்சிக்கு போன் போட்டுச் சொல்லி, "எல்லாம் அவருதான் பாத்துக்கறாரு" என்று அழுது தீர்த்தாள். இளமதி அப்போது பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அதுவரை செயலில் பதில் சொல்லிவந்தவர் இப்போது வாய்விட்டே பேசத் தொடங்கியிருக்கிறார். வனஜா இப்படித்தான் எடுத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த முறை எப்போது வரும் என்று, சொல்லவே வாய் கூசுகிறது, மனசுக்குள் காத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஃபர்ஹானா சொன்ன வைத்தியம் அவளுக்கு இடிபோல இறங்கியது.

"மண்டை ஓட்டுக்குள்ள ஒரு சின்ன சிப் வெக்கப்போறோம். நாங்க பூட்டுன்னு சொல்லுவோம். வலிப்பு ஆரம்பிக்கற எடத்தக் கண்டுபிடிச்சு அங்கயே அணைச்சிரும். அதுக்கப்புறம் வலிப்பே வராது" என்றார் டாக்டர். "ஒரே ஒரு சங்கடம். இவங்களுக்கு வலிப்பு கெளம்பற எடத்துலதான் பின்னாடி பழகின மொழியெல்லாம் குடியிருக்கு. எது வலிப்பு, எது பேச்சுன்னு பூட்டுக்கு நாமதான் பழக்கணும். இவங்களுக்குத் தெரிஞ்ச ஒவ்வொரு மொழியிலயும் ஒருத்தர் பேசணும், இவங்க பதில் பேசணும். பழக்கின மொழிய அது தொடாது."

"பழக்காம விட்டா?" என்று தீரஜ் கேட்டான்.

"வலிப்புன்னு நெனச்சு அதையும் அணைச்சிரும். அந்த மொழி இவங்க காதுக்கு வெறும் சத்தமாயிரும். அதுல கேட்டு மனசுல வெச்சிருந்ததும் மங்கிப்போகும். போனது திரும்பாது. அதனால நல்லா யோசிச்சுச் சொல்லுங்க இளமதி, என்னென்ன தெரியும்?"

"தமிழ், இங்கிலீஷ், ஹிந்தி. பாலக்காட்டு ஹாஸ்டல்ல படிச்சதால மலையாளம்."

"வேற?"

"வேற இல்லீங்க டாக்டர்." அவள் சட்டென்று சொன்னாள். டாக்டர் அவளையே ஒரு கணம் பார்த்துவிட்டு மேலே எதுவும் கேட்கவில்லை.

வலிப்பைப் படம் பிடிப்பதற்காக இளமதியை வார்டில் சேர்த்தார்கள். தலையெல்லாம் கம்பி, கட்டிலுக்கு மேலே கேமரா. துணைக்கு வனஜா. மத்தியானம் தீரஜ் சாப்பாடு வாங்கப் போயிருந்தபோது வலிப்பு வந்தது. கண் நிலைகுத்தியது, வாய் அசைந்தது. வனஜாவுக்கு மணியடித்து நர்ஸைக் கூப்பிடத் தோன்றவில்லை. குனிந்து மருமகள் காதருகே, தெலுங்கில், "ஏமண்டி, நீங்கதானா? பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதில்ல? எனக்குப் பயமா இருக்குது" என்றாள்.

"பயபடகு. நேனு சூஸ்குண்டா" என்று தெலுங்கிலேயே பதில் வந்தது. பயப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்.

நர்ஸ் ஓடி வருவதற்குள் வனஜா கண்ணைத் துடைத்துக்கொண்டுவிட்டாள். ஆனால் முடிவும் செய்துவிட்டாள். நேரே டாக்டர் அறைக்குப் போனாள்.

"டாக்டரம்மா, அந்தப் பூட்டு வேண்டாமுங்க. மாத்திரையையே கொஞ்சம் கூட்டிக் குடுங்க."

"ஏங்கம்மா? அடுப்புல விழுந்திருப்பாங்கன்னு நீங்கதானே அழுதீங்க?"

"அழுதனுங்க. ஆனா அதப் போட்டா..." வனஜா குரலைத் தாழ்த்தினாள். "என்ற வூட்டுக்காரரு வரமாட்டாருங்களே. அவ வாயிலதான் அவரு வந்து பேசறாரு. தெலுங்குல. அவளுக்குத் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாதுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு, காதில் காதுமணியோடு, சற்று முன் கேமராவில் பதிவானதை ஓடவிட்டார். வனஜா கேட்பதும் இளமதி பதில் சொல்வதும் திரையில் ஓடின.

"அம்மா, நான் சொல்றதக் கோவிச்சுக்காமக் கேளுங்க. வலிப்பு வெளியில இருந்து எதையும் கொண்டுவராது. உள்ள இருக்கறதத்தான் கெளறி எடுத்துப் போடும். கத்துக்காத மொழிய மூளையால பேச முடியாது. காதுல விழுந்த ஒரு வரிய அப்படியே திருப்பிச் சொன்னா வேற விஷயம். இங்க அப்படி இல்ல. பயமா இருக்குன்னு நீங்க சொன்னதுக்கு, பயப்படாதன்னு பதில் வருது. புரிஞ்சவங்கதான் அப்படிச் சொல்ல முடியும்."

வனஜா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அவளுக்குத் தெலுங்கு..."

"அத நான் சொல்லக்கூடாது. அவங்கதான் சொல்லணும்" என்றார் டாக்டர்.

தீரஜைத் துணைக்கு விட்டுவிட்டு வனஜா ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் முதலில் வந்தது கோபம்தான். அடிப்பாவி! எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்! இவள் வைத்த புளிக்குழம்பைப் பற்றிச் சொன்னது, சம்பந்தி வீட்டுச் சீரைப் பற்றிச் சொன்னது, ஒரு தடவை கோபத்தில் "இந்தச் சீக்காளிப் பெண்ணைப் போய் என் பையன் கட்டிக்கொண்டானே" என்று தங்கச்சியிடம் சொன்னது, எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. ஆட்டோவில் தனியாக உட்கார்ந்துகொண்டு வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெட்கம் ஆறியபோது மற்றது தலைதூக்கியது. இளமதிக்குத் தெலுங்கு தெரியுமென்றால், கட்டிலைக் கீழே இறக்கியது யார்? மார்புக் கட்டியைக் கண்டுபிடிக்க வைத்தது யார்? ஒன்று மட்டும் இடித்தது. கட்டிலும் பரிசோதனையும் இளமதியின் வேலையாக இருக்கலாம். கடிகாரம்? அது தானாக ஓடியது, அவள் கண்ணால் பார்த்தாள். "தம்பி, ஆட்டோவ கடைவீதிப் பக்கம் விடு சாமி" என்று பழக்க தோஷத்தில் டிரைவர் இல்லாத ஆட்டோவிடம் சொன்னாள். அது மரியாதையாகத் திரும்பியது.

இந்தக் காலத்தில் சாவிக் கடிகாரத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான் மிச்சம். லட்சுமிபதிக்கும் பழக்கமான அவர் கடைக்குப் போய், எதுவும் தெரியாதவள்போல, "என்ற வூட்டுக்காரரு வாட்ச்சு ஒண்ணு..." என்று வனஜா ஆரம்பித்தாள்.

"நல்லா ஓடுதுங்களாம்மா?" என்று அவரே கேட்டார். "உங்க மருமக கொண்டாந்து குடுத்தாங்களே. ஸ்பிரிங் கெடைக்காம ரொம்ப நாளாச்சு. வாரா வாரம் வந்து கேட்டுட்டுப் போவாங்க. கெடைச்ச அன்னிக்குத்தான் வாட்ச்சக் கொண்டாந்து, விடியறதுக்குள்ள அத்தைக்குத் தெரியாம திருப்பி வெக்கணும்னு சொல்லி ராவோட ராவா வாங்கிட்டுப் போனாங்க."

வனஜா அவருக்கு நன்றி சொன்னாளா என்று அவளுக்கே நினைவில்லை. அன்றைக்குத்தான் லட்சுமிபதி அவளுக்கு நிஜமாகவே செத்துப்போனார். இத்தனை வருஷமும் ஒரு படத்தோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். பதில் சொன்னது படம் இல்லை, கீழே உட்கார்ந்து காய் நறுக்கியவள். அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதும் வனஜாவுக்கு இப்போது புரிந்தது. "எல்லாம் அவருதான் பாத்துக்கறாரு" என்று தான் அழுததைக் கேட்டவள் அவள். தெலுங்கு தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் மாமியாரிடமிருந்து மாமனாரைப் பிடுங்கிக்கொண்டதாகும் என்று நினைத்திருக்கிறாள். அதற்காக அந்த மொழியையே அணைத்துப் போடட்டும் என்று டாக்டரிடம் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், பைத்தியக்காரி.

வார்டிலிருந்து இளமதி வீட்டுக்கு வந்த மறுநாள் காலை வனஜா அடுப்படியில் காபிக்குப் பால் வைத்தாள். படத்தைப் பார்த்தாள். வாய் வரவில்லை. பால் பொங்கி இறங்கியது. இளமதி நறுக்குவதை நிறுத்திவிட்டு ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க அத்தே, இன்னிக்கு மாமாகிட்டப் பேசலீங்களா?"

"தொண்டை கட்டியிருக்குது கண்ணு" என்றாள் வனஜா. இளமதி எழுந்துபோய்ச் சுக்கு தட்டிப் போட்டுக் காபி கலந்துகொண்டு வந்து கொடுத்தாள். வனஜாவுக்கு அழுகையை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

சாயங்காலம் தீரஜைத் தனியாகப் பிடித்து, "ஏண்டா, ஒருவேளை இளமதிக்குத் தெலுங்கு தெரிஞ்சிருந்து, அது போயிருச்சுன்னா?" என்று கேட்டாள்.

"அவளுக்கெங்கம்மா தெலுங்கு தெரியும்? அப்படியே போனாலும் என்ன நட்டம்? காதுமணி மாட்டிக்கிட்டாப் போச்சு" என்று அவன் போனைப் பார்த்தபடி சொன்னான். நல்ல பையன்தான், ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவனுக்கு என்றைக்குத் தெரிந்தது? காதுமணி வார்த்தையைச் சொல்லிவிடும். முழங்கால் 'லேசாகத்தான் வலிக்கிறது' என்று படத்திடம் சொன்னபோது, லேசாக என்பது பொய் என்று கண்டுபிடித்தது எந்தக் காதுமணி? இவளுக்குள் இருக்கிற தெலுங்கு போனால், தான் சொன்ன அத்தனையையும் கேட்டு வைத்திருந்த ஒரே ஆளும் போய்விடுவாள். வனஜா அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள்.

பூட்டுக்கு மொழி பழக்குகிற நாள் வந்தது. இளமதி சாய்வு நாற்காலியில், கம்பி பின்னிய குல்லாவோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே திரையில் அவள் மூளை வரைபடமாகத் தெரிந்தது. தீரஜ் தமிழில் பேசினான், அவள் பதில் சொன்னாள், மொழி புரிகிற இடங்களில் பச்சை விளக்கு எரிந்தது. ஆங்கிலமும் ஹிந்தியும் டாக்டர் பார்த்துக்கொண்டார். மலையாளத்துக்கு ஒரு நர்ஸ் வந்து மீன் விலையைப் பற்றிப் பேசி அவளைச் சிரிக்க வைத்தாள். "அவ்வளவுதானே?" என்று டாக்டர் கேட்டபோது கதவைத் தள்ளிக்கொண்டு வனஜா உள்ளே வந்தாள். கையில் லட்சுமிபதியின் கடிகாரம். அதை இளமதிக்கு எதிரே மேஜைமேல் வைத்தாள். மருமகளைப் பார்க்கவே இல்லை. தினமும் காலையில் எப்படிப் பேசுவாளோ அப்படி, தெலுங்கில், கடிகாரத்தைப் பார்த்துப் பேசினாள்.

"ஏமண்டி, உங்க மருமக பண்ற கூத்தப் பாத்தீங்களா? எனக்கு நீங்க வேணும்னு தன் தலையில இருந்து ஒரு மொழியவே பிடுங்கிப் போடச் சொல்றா. கட்டில இறக்கினது யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என்ன ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போய் உசுரக் காப்பாத்தினது யாருன்னும் தெரிஞ்சுபோச்சு. நான் பேசின கண்ட பேச்சையும் கேட்டுட்டு, என்ன ஒரு நாளும் முகம் சுளிச்சுப் பாக்கல. இனிமே காலையில நான் பேசினா யாருங்க கேப்பாங்க? அத மட்டும் அவகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

திரை முழுக்கப் பச்சையாக எரிந்தது.

"அத்தே, நீங்க என்ன சொல்றீங்கன்னு எனக்கு..." என்று இளமதி தமிழில் தொடங்கினாள். திரையைப் பார்த்தாள். அதற்கு மேல் பொய் வரவில்லை.

"கேட்டா மட்டும் போதாது இளமதி" என்றார் டாக்டர் மெதுவாக. "பதில் பேசினாத்தான் பூட்டுக்குப் பழகும்."

இளமதியின் கண்ணீர் கன்னத்தில் இறங்கி, குல்லாவின் பட்டையை நனைத்தது. "சரே" என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நேனு சூஸ்குண்டா."

நல்ல நினைவோடு அவள் பேசிய முதல் தெலுங்கு அது. அதற்கப்புறம் நிற்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த தீரஜ் வாயைப் பிளந்தான். அவள் தெலுங்கைப் படித்ததே அடுப்படியில்தான், அதுவும் ஒரு மனைவி தன் புருஷனிடம் குறை சொல்கிற தெலுங்கு. வேறு தெலுங்கு அவளுக்குத் தெரியாது. அதனால் மாமியாரையும் அவள் "ஏமண்டி" என்றுதான் கூப்பிட்டாள். வாக்கியத்துக்கு வாக்கியம் வனஜாவின் பெருமூச்சையும் சேர்த்தே விட்டாள். வனஜாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டில்?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"டாக்டர் பரிசோதனை இலவசம்னியே?"

"இலவசமெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க வரணுமேன்னு சொன்னேன்."

"ஓசூர்?"

"ஆபீஸ்ல சண்டை போட்டு லீவு வாங்கினேன்."

வனஜா மேஜைமேல் இருந்த கடிகாரத்தை எடுத்தாள். "இது?"

இளமதி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன கண்டாளோ, கொஞ்சம் தயங்கிவிட்டு, நிதானமாகத் தெலுங்கில் சொன்னாள்.

"அத நான் தொடவே இல்ல. அது எப்படி ஓடுச்சுன்னு எனக்கும் தெரியல. மாமாவாத்தான் இருக்கணும்."

வனஜா கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாள். காதில் வைத்துப் பார்த்தாள், ஓடியது. "ஆமா கண்ணு. அவரு பொருள அவரு வேற யாரையும் தொட விடமாட்டாரு" என்றாள்.

பூட்டு வைத்து வெகுநாள் ஆகிறது. இளமதிக்கு வலிப்பு வரவே இல்லை. காலையில் வனஜா படத்திடம் புலம்பினால் இப்போது அவரைக்காய்க் கூடைப் பக்கமிருந்து வாய்விட்டே பதில் வருகிறது, சில நாள் எதிர்ப்பேச்சும் வருகிறது. வாட்ச்சுக் கடைக்காரர் சொன்னதை மட்டும் வனஜா யாரிடமும் சொல்லவில்லை. லட்சுமிபதியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்குக் கேட்டுவிடுமே.